64 சாம்பல்: ஒரு கல்யாணப் போட்டோவும் திரைகளின் கதையும்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் அம்மாவிடம் நாங்கள் பொய் சொல்லிவிட்டோம். வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. அவருடைய கல்யாணப் போட்டோவை ஸ்கேன் பண்ணித் தருகிறோம் என்று வாங்கி வந்திருந்தோம். 1974ஆம் ஆண்டு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பொரளைச் சந்தியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு நண்பரின் வீட்டு மேல்மாடி அறைதான் எங்களுடைய ‘அலுவலகம்’. அங்கே ஒரு பழைய லப்டொப், இரவல் வாங்கிய ஒரு ஸ்கேனர், கரகரவென்று சத்தம் போடுகிற ஒரு ஃபேன்.

ஸ்கேன் பண்ணித் திரையில் பார்த்தபோது மணமகளின் முகம் ஒருமாதிரி இருந்தது. கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும் நிழல் மெல்ல மெல்லக் கறுக்காமல், புவியியல் புத்தகத்தில் மலைக்குப் போடுகிற சமவுயரக் கோடு மாதிரி திட்டுத் திட்டாக இறங்கியது. மாப்பிள்ளையின் நாடி முழுக்க ஒரே கறுப்புத் திட்டு. படம் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டினோம். ஐம்பது வருடம் ஆகிவிட்டதே, கடல் காற்றுப் பட்ட வீடு வேறு. போனில் அம்மாவிடம் அதையே சொன்னோம். முகம் கரைந்துபோய்விட்டது, எங்களால் முடிந்த அளவு வெளிச்சம் கூட்டியிருக்கிறோம் என்று.

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்துப் பார்த்தார்.

“எங்க தம்பி பழுதாப் போயிருக்கு? என்ர மூக்குத்தி தெரியுது. காதுக்குப் பின்னால பூ தெரியுது. உங்கட பெட்டிதான் பழுது.”

எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரி. படத்தில் எல்லாம் இருந்தது. எங்கள் பெட்டியில்தான் இல்லை.

பழைய அல்பம் சேர்க்கிற வேலையை நாங்கள் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. பொரளையில் இருந்துகொண்டு அப்படித் தொடங்கவும் முடியாது. 1983 ஜூலை 24 பின்னேரம், யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரின் இறுதிச் சடங்குக்காகக் கூட்டம் கூடியது இங்கே கனத்தை மயானத்தில்தான். அன்று இரவு வன்முறை தொடங்கியதும் இந்தச் சந்தியைச் சுற்றித்தான். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் எரிந்த சாமான்களைப் பற்றிக் கதைக்கும்போது கதிரை, தையல் மெஷின், ரேடியோ எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் அல்பத்தைச் சொல்வார்கள். கதிரையை மறுபடி வாங்கிவிட்டார்கள். அல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே, தப்பிப் பிழைத்த ஒரு படத்தைப் பார்த்து ‘இது பழுது’ என்று சொல்ல எங்களுக்குத் துணிச்சல் வந்ததே பிழை. சொல்லும் முன் எங்கள் திரை என்ன செய்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாததால் தேடத் தொடங்கினோம். மொனிட்டர் வாங்கத்தான் தேடினோம். கிடைத்தது ஒரு சரித்திரம்.

அடிப்படை விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டி விளக்குகள். ஒவ்வொரு விளக்கையும் எத்தனை படியில் கூட்டிக் குறைக்கலாம் என்பதுதான் நிற ஆழம். ஒரு நிறத்துக்கு 6 பிட் என்றால் 64 படி. 8 பிட் என்றால் 256 படி. 10 பிட் என்றால் 1,024 படி. மூன்று விளக்குகளுக்கும் பெருக்கினால் கடைப் பெட்டியில் அச்சடிக்கிற பெரிய எண் வரும். 256ஐ மூன்று தடவை பெருக்கினால் 1,67,77,216. இதைத்தான் ‘16.7 மில்லியன் கலர்’ என்று போடுகிறார்கள். 1,024ஐ மூன்று தடவை பெருக்கினால் நூற்றேழு கோடியைத் தாண்டும். ஆறு பிட்டுக்கு வெறும் 2,62,144.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எங்கள் தலையில் உறைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்த விஷயம் இது. கறுப்பு வெள்ளைப் படத்தில் மூன்று விளக்குக்கும் எப்போதும் ஒரே எண்தான் போகும். சிவப்பு 40 என்றால் பச்சையும் 40, நீலமும் 40. அப்படியென்றால் 16.7 மில்லியன் நிறம் காட்டும் திரையிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்குக் கிடைப்பது 256 சாம்பல் மட்டும். மிச்சம் எல்லாம் அதற்கு வேண்டாத சொத்து. 6 பிட் திரையில் கிடைப்பது 64. கலர் படத்தில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து குறையை மூடிவிடும். கறுப்பு வெள்ளையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அம்மாக்கள், அம்மம்மாக்களின் படங்கள்தான் ஒரு திரைக்கு வைக்கக்கூடிய மிகக் கடினமான சோதனை.

64 என்ற இந்த எண் எங்களை விடாமல் துரத்தியது. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1964 நவம்பரில் அமெரிக்கா ஏவிய மாரினர் 4 விண்கலம் 1965 ஜூலை நடுப்பகுதியில் செவ்வாயைக் கடந்து போனது. இன்னொரு கோளைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பிய முதல் கலம் அது. கெமரா பார்த்ததை 200 வரி, வரிக்கு 200 புள்ளி என்று வெட்டி, ஒவ்வொரு புள்ளிக்கும் 6 பிட்டில் ஓர் எண் கொடுத்தது. 64 சாம்பல். ஒரு படத்துக்கு 2,40,000 பிட். அது பூமிக்கு வந்த வேகம் வினாடிக்கு 8 பிட்டுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு படம் வந்து சேரக் கிட்டத்தட்ட 8 மணித்தியாலம். இப்போது நாங்கள் வட்ஸ்அப்பில் ஒரு படம் மூன்று வினாடிக்குள் திறக்காவிட்டால் சிக்னலைத் திட்டுகிறோம்.

கலிபோர்னியாவில் இருந்த ஜெட் உந்துவிசை ஆய்வுகூடத்தில் பொறியியலாளர்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கலத்தில் இருந்த டேப் ரெகோடர் ஒழுங்காக வேலை செய்ததா என்ற பயமும் இருந்தது. வந்து விழுந்த எண்களை நீளக் காகித நாடாவில் அச்சடித்தார்கள். நாடாக்களைப் பக்கத்துப் பக்கத்தில் பலகையில் ஒட்டினார்கள். ரிச்சர்ட் கிரம் என்ற பொறியியலாளர் சாம்பல் நிறச் சுண்ணக்கட்டி தேடி ஓவியச் சாமான் கடைக்குப் போய், கிடைத்த பாஸ்டல் வண்ணக்கட்டிகளோடு திரும்பி வந்தார். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த நிறம் என்று எண்களைக் கூட்டம் பிரித்துக் கையால் நிறம் தீட்டத் தொடங்கினார்கள். சின்னப் பிள்ளைகளின் ‘எண்ணுக்கு நிறம்’ விளையாட்டேதான். கொம்பியூட்டர் முறையாகப் படத்தைத் தயாரித்து முடிக்கும் முன்னமே, மண்ணிறமும் காவியுமாகச் செவ்வாயின் விளிம்பு அந்தப் பலகையில் தெரிந்துவிட்டது. பிறகு அதைச் சட்டம் போட்டு ஆய்வுகூடத்தின் பணிப்பாளர் வில்லியம் பிக்கரிங்குக்குக் கொடுத்தார்கள்.

இந்தக் கதை எங்களுக்கு ஏன் பிடித்திருக்கிறதென்றால், டிஜிட்டல் படம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. அங்கே படம் என்று ஒன்று இல்லை. எண்கள்தான் இருந்தன. அந்த எண்ணுக்கு என்ன நிறம் தீட்டுவது என்பதை ஒரு மனிதர் கையில் கட்டியை வைத்துக்கொண்டு தீர்மானித்தார். இன்றைக்கு அதே தீர்மானத்தை மொனிட்டருக்குள் இருக்கும் பனல் செய்கிறது. அதன் பெட்டியில் எத்தனை கட்டி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊரில் திரை வந்த விதம் வேறு. பொரளையிலிருந்து வோர்ட் பிளேஸ் பக்கம் நடந்து, கின்சி வீதியைத் தாண்டினால் பான்ஸ் பிளேஸ். ஆதர் சி. கிளார்க் அங்கேதான் இருந்தார். இலங்கையின் முதல் முழுநீளக் கலர் சிங்களப் படமான ‘ரன்முத்து தூவ’வை 1962இல் எடுத்த மைக் வில்சன் அவருடைய கூட்டாளி. 1975இல் இந்தியா செய்மதி வழியாகக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டும் பரிசோதனையைத் தொடங்கியபோது, இஸ்ரோ பொறியியலாளர்கள் வந்து கிளார்க்கின் வீட்டில் ஒரு டிஷ் அன்டெனா பொருத்திவிட்டுப் போனார்கள். இலங்கையில் ஒளிபரப்பு நிலையமே இல்லாத காலம். நாடு முழுக்கத் திரை இல்லை, ஒரு வீட்டில் மட்டும் வானத்திலிருந்து படம் இறங்கிக்கொண்டிருந்தது. 1979 ஏப்ரலில் ஐடிஎன் வந்தது. ஜப்பானின் நன்கொடையில் கட்டிய ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. தூர்தர்ஷன் தேசிய அளவில் கலருக்கு மாறியதும் அதே வருடம் ஆகஸ்டில்தான். தமிழ்நாட்டின் கரையோர ஊர்களில் அன்டெனாவைத் தெற்கே திருப்பி ரூபவாஹினி பார்த்த ஒரு தலைமுறையும் இருக்கிறது.

அந்த டிவிகளுக்கு நிற ஆழம் எத்தனை பிட் என்று கேட்டால் பதில் இல்லை. அது அனலொக். படி கிடையாது, சரிவுதான். மின்னழுத்தம் மெல்லக் கூடினால் வெளிச்சமும் மெல்லக் கூடும். புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும், ஆவி போல இரட்டை உருவம் வரும், மழை வந்தால் படம் போகும். ஆனால் அந்தியில் வானம் திட்டுத் திட்டாக உடையாது. பெரியவர்கள் ‘அந்தக் காலத்து டிவியில் படம் ஒரு குளிர்ச்சியாக இருந்தது’ என்று சொல்வதில் பாதி வெறும் பழைய நினைவுதான். மீதிப் பாதி உண்மை.

படிகள் வந்தது கொம்பியூட்டரோடு. அங்கே முதலில் பஞ்சம் திரையில் இல்லை, நினைவகத்தில். ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டுமே. 1981இல் ஐபிஎம் கொடுத்த சிஜிஏ கார்டில், படம் வரைகிற முறையில் ஒரே நேரத்தில் 4 நிறம். 1987இல் விஜிஏ வந்தபோது 2,62,144 நிறத்தில் எதையும் தெரிவு செய்யலாம் என்றார்கள். கவனித்தீர்களா, 64ஐ மூன்று தடவை பெருக்கிய எண். செவ்வாய்க்குப் போன அதே 6 பிட். ஆனால் ஒரே நேரத்தில் திரையில் வைக்கக்கூடியது 256 மட்டும், அதுவும் 320க்கு 200 புள்ளியில். ஏனென்றால் அப்போதுதான் 64,000 பைட்டுக்குள் அடங்கும். பெயின்ட் கடையில் பெரிய நிற அட்டையைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு நாலு டின் மட்டும் கொண்டுபோகலாம் என்று சொல்வது போல.

2000களின் தொடக்கத்தில் வெள்ளவத்தை நெட் கபேகளில் மணித்தியாலக் கணக்கில் இருந்த அண்ணாமார் அக்காமாருக்கு விண்டோஸ் செட்டிங்கில் ‘16 பிட்’, ‘32 பிட்’ என்று ஒரு பட்டியல் இருந்தது ஞாபகம் இருக்கும். கேம் வேகமாக ஓட வேண்டுமென்றால் 16க்குக் குறைப்பார்கள். அந்த 16 பிட்டை மூன்று நிறத்துக்கும் சமமாகப் பிரிக்க முடியாது. ஆகவே சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, மிச்சம் 6ஐயும் பச்சைக்குக் கொடுத்தார்கள். எங்கள் கண் வெளிச்சத்தை அதிகம் அளப்பது பச்சையை வைத்துத்தான் என்பதால் இந்தச் சலுகை. பச்சைக்கு எத்தனை படி? 64. சும்மா சொல்லவில்லை, இந்த எண் எங்களை விடுவதாக இல்லை.

அந்தப் பெரிய முதுகு வைத்த கண்ணாடிக் குழாய் மொனிட்டர்கள் அனலொக் என்பதால், கார்ட் எத்தனை படி கொடுத்தாலும் காட்டும். கார்டுகளின் நினைவகம் மலிந்து 24 பிட் சாதாரணமானபோது பிரச்சினை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். அப்போதுதான் தட்டைத் திரை வந்தது. மேசையில் இடம் மிச்சம், கரண்ட் பில் மிச்சம். ஆனால் குறைபாடு கார்டை விட்டுப் பனலுக்குள் குடிபோனது. மலிவான டிஎன் பனல்களில் பெரும்பாலானவை ஒரு நிறத்துக்கு 6 பிட்தான். கொம்பியூட்டர் 256 படி அனுப்பும், பனலுக்குத் தெரிந்தது 64.

மிச்சத்தை எப்படிச் சமாளிப்பது? கண்ணை ஏமாற்றுவது. அது புதிய தந்திரம் இல்லை. பழைய ‘வீரகேசரி’ ஒன்றை எடுத்து அதிலுள்ள கறுப்பு வெள்ளைப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சாம்பல் என்று ஒன்றுமே இல்லை. மை இருக்கிறது, அல்லது இல்லை. பெரிய புள்ளி, சின்ன புள்ளி. தள்ளி வைத்துப் பார்த்தால் தலைவரின் கன்னம் தெரியும். ஒரேயொரு பிட்டில் ஒரு முழுப் பத்திரிகை. கொம்பியூட்டர் படத்துக்கு இதையொத்த வழியை 1962இல் வெளியான கட்டுரையில் சொன்னவர் லோரன்ஸ் ரொபர்ட்ஸ். படத்தைக் குறைந்த பிட்டுக்கு வெட்டும் முன் கொஞ்சம் இரைச்சலைத் தூவினால் திட்டுக்கள் உடைந்து கண்ணுக்கு இதமாகிவிடும் என்று காட்டினார். பிறகு இன்டர்நெட்டின் தாய் வலையமைப்பான ஆர்பாநெட்டைக் கட்டியவர்களில் முக்கியமானவரும் அவர்தான்.

தட்டைத் திரைகள் இதை நேரத்தில் செய்தன. எஃப்ஆர்சி என்பார்கள். 20ஆம் படிக்கும் 21ஆம் படிக்கும் இடையிலுள்ள சாம்பல் வேண்டுமா? நாலு ஃபிரேமில் மூன்றில் 20ஐக் காட்டு, ஒன்றில் 21ஐக் காட்டு. வினாடிக்கு 60 தடவை திரை மாறுவதால் கண் இரண்டையும் கலந்து நடுவில் ஒன்றைப் பார்க்கும். இப்படி 64 படிகளின் 63 இடைவெளியிலும் மூன்று மூன்று பொய்ப் படி செருகினால் மொத்தம் 253 வரும். 256 வராது. 253ஐ மூன்று தடவை பெருக்கினால் 1,61,94,277. ஒரு காலத்தில் மொனிட்டர் பெட்டிகளில் ‘16.7 மில்லியன்’ என்பதற்குப் பதிலாக ‘16.2 மில்லியன்’ என்று இருந்ததற்குக் காரணம் இதுதான். அச்சுப்பிழை இல்லை, ஒப்புதல் வாக்குமூலம். பிறகு தந்திரத்தை இன்னும் மெருகேற்றி அந்த மூன்று படியையும் நிரப்பிவிட்டார்கள். அதன்பின் 6 பிட் பனலும் 16.7 என்றே போட்டுக்கொண்டது. வாக்குமூலமும் போய்விட்டது.

2007இல் கலிபோர்னியாவில் இரண்டு பேர் அப்பிள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். மக்புக் திரையில் மில்லியன் கணக்கில் நிறம் என்று விளம்பரம் செய்கிறீர்கள், உள்ளே இருப்பது 6 பிட் பனல் என்பது முறைப்பாடு. அடுத்த வருடம் அது சமரசத்தில் முடிந்தது. நீதிமன்றம் ‘நிறம்’ என்றால் என்ன என்று தீர்ப்புச் சொல்லும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

எங்கள் லப்டொப்பின் பனல் நம்பரைத் தேடிப் பார்த்தோம். 6 பிட். இப்போது அந்த முகம் விளங்கியது. எங்கள் ஸ்கேனில் மணமகளின் கன்னத்திலிருந்து கழுத்து வரை இருந்த எண்கள் ஏறத்தாழ 20இலிருந்து 52 வரை. 256இல் 32 படி. 64ஆகக் குறைத்தால் எட்டே எட்டு. ஒரு முகத்தின் வளைவு முழுவதையும் எட்டுச் சாம்பலில் சொல்லச் சொன்னால் பாவம் அந்தப் பனல் என்ன செய்யும்? இதற்கு மேல், இரண்டு தட்டையான சாம்பல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவை சேரும் விளிம்பை எங்கள் கண் தானாகவே மிகைப்படுத்தும். ஏர்ன்ஸ்ட் மாக் 1865இலேயே எழுதி வைத்த விஷயம். படி சின்னதாக இருந்தாலும் கோடு போட்டது போலத் தெரிவது அதனால்தான்.

பழி முழுவதையும் பிட்டின் தலையில் போடவும் கூடாது. டிஎன் பனலைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்து பார்த்தால் நிழல்கள் தலைகீழாகும். அதுவும் சேர்ந்திருந்தது. எங்கள் சொந்தப் பிழை அதைவிடப் பெரிது. 8 பிட்டில் ஸ்கேன் பண்ணி, இருட்டான பகுதியை வெளிச்சமாக்க இழுத்து, ஜேபெக்காகச் சேமித்துவிட்டோம். 32 படியை நூறு படி அகலத்துக்கு இழுத்தால் நடுவில் ஓட்டைதான் விழும். கடைசியில், திட்டு ஃபைலில் இருக்கிறதா திரையில் இருக்கிறதா என்று எங்களாலேயே சொல்ல முடியாத நிலை. 6 பிட் திரையோடு பழைய படம் திருத்துவதில் உள்ள உண்மையான ஆபத்து அதுதான். அழகு குறைவது பெரிய விஷயமில்லை. தன் படிகளை மறைக்கத் தெரியாத திரை எங்கள் வெட்டுக்காயங்களையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நிழல் பக்கத்தில் இருப்பது யார்? எங்களைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல்தான். கொடக் நிறுவனம் கலர் பிரிண்ட் லாப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டைகளில் பல காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண். அந்த முகம் சரியாக வந்தால் லாப் சரி. மற்ற முகங்கள் எப்படி வந்தாலும் அது அந்த முகங்களின் பிரச்சினை. கறுத்த நிறங்களின் வேறுபாடு ஃபிலிமில் வரவில்லை என்று சொக்கலேட் கொம்பனிகளும் மரத் தளபாடக் கொம்பனிகளும் முறையிட்டதும் திருத்தத்துக்கு ஒரு காரணமானது என்பது லோர்னா ரோத் என்ற ஆய்வாளர் வெளிக்கொண்டு வந்த வரலாறு. தேக்கு மேசைக்குக் கிடைத்த மரியாதை.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1944இல் இறந்துபோன லயனல் வென்ட்டின் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவருடைய போட்டோக்களில் இந்த நாட்டு மனிதரின் தோல், நிழலுக்குள் நிழல் என்று எத்தனை சாம்பலில் இறங்குகிறது! அவரோடு சேர்ந்து 43 குழுவில் இருந்த ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியங்கள் பொரளை கோதமி விகாரையில் இருக்கின்றன, 1939, 40இல் வரைந்தவை. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்காகவே போய்ப் பார்த்தோம். கீற்றின் பலம் கோட்டில். அவருடைய உருவத்தைப் போனில் எடுத்து 6 பிட்டுக்கு வெட்டினாலும் பெரிதாக எதுவும் குறையவில்லை. வென்ட்டின் படத்தை அப்படிச் செய்தால் உயிர் போய்விடுகிறது. ஆகவே ‘எனக்கு எத்தனை பிட் வேண்டும்’ என்ற கேள்விக்கு முதல் பதில், நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான். எக்செல் தாளும் கட்டுரையும் பார்ப்பவருக்கு 6 பிட் தாராளம். காலிமுகத்திடல் அந்தி வானத்துக்கும் அம்மம்மாவின் கன்னத்துக்கும் போதாது.

சரி, கடைக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை 154 பஸ் பிடித்து பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனோம். சேர்த்து வைத்த காசு கொஞ்சம்தான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதன் பிறகு எங்களைப் போன்ற ஆட்கள் மொனிட்டர் விலை கேட்பதே ஒரு வீர விளையாட்டு. கடைக்கார அண்ணா நல்லவர். “தம்பி, இது பில்லியன் கலர், எச்டிஆர்” என்று ஒன்றைக் காட்டினார். பனல் உண்மையான 10 பிட்டா, 8 பிட்டும் எஃப்ஆர்சியுமா என்று கேட்டோம். எங்களை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரே ஆர்வமாகி மொடல் நம்பரைத் தேடினார். 8 பிட்டும் எஃப்ஆர்சியும்.

அது மோசடி இல்லை என்று இங்கே சொல்லிவிட வேண்டும். 256 படிகளுக்கு நடுவில் தந்திரம் பண்ணுவதும் 64க்கு நடுவில் பண்ணுவதும் ஒன்றல்ல. முதலாவதைச் சாதாரணக் கண்ணால் கண்டுபிடிப்பது சரியான கஷ்டம். 10 பிட் உண்மையில் தேவைப்படுவது எச்டிஆருக்கு. அங்கே ஆகக் கறுப்புக்கும் ஆக வெளிச்சத்துக்கும் தூரம் அதிகம், அந்த நீளத்துக்கு 256 படி போட்டால் ஒவ்வொன்றும் உயரமாகிவிடும். எச்டிஆருக்காக 2016இல் வந்த பிடி.2100 தரநிர்ணயம் 10 அல்லது 12 பிட் என்று சொன்னதே அதனால்தான். அப்போதும் கேபிளைக் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கேயை வினாடிக்கு 60 ஃபிரேமில் நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்பினால் 8 பிட்டோடு இடம் நிரம்பிவிடும். 10 பிட் பனல் வாங்கிப் பழைய கேபிளில் 8 பிட் பார்ப்பவர்கள் நிறையப் பேர். எச்டிஆர் என்ற ஒட்டியைப் பார்த்து மட்டும் வாங்குவதும் வீண். போதிய வெளிச்சமும் கறுப்பும் இல்லாத திரை அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டாது. எத்தனை படி என்பது வேறு, நிறங்கள் எவ்வளவு தூரம் பரந்திருக்கின்றன என்பது வேறு. கடையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

நாங்கள் பென் டிரைவில் ஒரு படம் கொண்டுபோயிருந்தோம். நாங்களே செய்தது, இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை, நடுவில் 256 சாம்பலும் வரிசையாக. அதை முழுத்திரையில் போட்டு இருட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்தோம். வரிசையில் இருந்த மிக மலிவானதில் பட்டைகள் அகலமாக எழும்பின, உற்றுப் பார்த்தால் நிழல் லேசாகத் துடித்தது. அடுத்ததில் அமைதியாக இறங்கியது. அது சாதாரண 8 பிட் ஐபிஎஸ் பனல், எச்டிஆர் கிடையாது, வளைவு கிடையாது, பின்னால் கலர் லைட் கிடையாது. அதையே எடுத்தோம். எங்கள் வேலைக்கு அது போதும். ஸ்கேனை 16 பிட்டில் எடுத்து டிஃப் ஆகச் சேமித்தால் திருத்தும்போது இழுக்க நிறைய இடம் இருக்கும். கடைசியில் உங்களுக்கு வந்து சேர்வது 8 பிட்தான், நீங்கள் பார்ப்பதும் பெரும்பாலும் போனில்.

அந்தப் போட்டோவை மறுபடி இரவல் கேட்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அம்மா தந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. செய்து முடித்ததும் கொண்டுவந்து தனக்குக் காட்ட வேண்டும், போனில் இல்லை, ‘அந்தப் புதுப் பெட்டியில்’. ஆகவே ஒரு பின்னேரம் மொனிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் வைத்து, மடியில் பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து வயர் கொழுவினோம். மூக்குத்தி இருந்தது. காதுக்குப் பின்னால் பூ இருந்தது. அவர் தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் நாடிப் பக்கம், முன்பு எங்களுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்த இடத்துக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

“பாத்தியளே,” என்றார், “இந்த மனுசன் அண்டைக்கும் ஒழுங்கா ஷேவ் எடுக்கேல்ல.”